கோடை விடுமுறையில் தொண்டு: மதுரைப் பிள்ளைகள் எங்கே, எப்படித் தொடங்கலாம்

ஆண்டுத் தேர்வு முடிந்ததும், விடுமுறையில் ஏதேனும் தொண்டு செய்ய விரும்பும் பிள்ளைகள் முதலில் இடத்தைத் தேடுகிறார்கள். மதுரையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது நேரத்தை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வாக்கில் முடியும் அக்னி நட்சத்திரக் காலத்தில், முற்பகல் 11 மணிக்கும் பிற்பகல் மூன்றரைக்கும் இடையே வெயிலில் நின்று செய்யும் எந்த வேலையையும் ஒப்புக்கொள்ளக் கூடாது. வெளிவேலை என்றால் காலை 6 முதல் 9 வரை. நடுப்பகல் என்றால் கூரைக்குக் கீழே அமர்ந்து செய்யும் பணி. இவற்றில் எது ஒத்துவரும் என்று வீட்டில் பேசித் தீர்மானித்த பிறகு இடம் தேடிப் புறப்படலாம்.

எங்கே போனாலும் நேரில் போய்க் கேட்பதே நல்லது. முதல் நாள் பெற்றோர் ஒருவர் உடன் வர வேண்டும், அவருடைய ஒப்புதல் கடிதத்தைக் கேட்காத இடத்திலும் கொடுத்துவிட வேண்டும். "நான் என்ன செய்யட்டும்?" என்று பொதுவாகக் கேட்டால், பொறுப்பாளர் என்ன சொல்வதென்று தெரியாமல் ஒரு துடைப்பத்தைக் கையில் கொடுத்து அனுப்புவார். "திங்கள், புதன், வெள்ளி காலையில் இரண்டு மணி நேரம் மே மாதம் முழுக்க வருவேன், ஆளில்லாமல் நிலுவையில் கிடக்கும் வேலை எது?" என்று கேட்டால் வேறு பதில் கிடைக்கும். சான்றிதழ் தருவீர்களா என்பதை முதல் நாளிலேயே கேட்கும் பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் அது பிள்ளையின் கேள்வியன்று, பின்னால் நிற்கும் பெற்றோரின் கேள்வி.

அருகிலுள்ள கிளை நூலகமே தொடங்குவதற்கு எளிய இடம். வரிசை கலைந்த நூல்களை எண்படி அடுக்குவது, முதுகு கிழிந்தவற்றைத் தனியே எடுத்து வைப்பது, மாலையில் சிறு பிள்ளைகளுக்குக் கதை படித்துக் காட்டுவது ஆகியவற்றுக்கு அங்கே எப்போதும் ஆள் தேவைப்படும். நூலகத்துக்கு வர இயலாத முதியோர், மாற்றுத்திறனாளிகள் வீடுகளுக்கு நூல்களைக் கொண்டு சேர்க்கும் நூலக நண்பர்கள் திட்டத்தைப் பற்றியும் நூலகரிடம் கேட்கலாம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தையும் ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டு வரலாம். ஆனால் தொண்டுக்கு வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில் உள்ள சிறிய நூலகமே உகந்தது என்பது என் எண்ணம்.

என்னைக் கேட்டால், பதின்வயதினர் செய்யக்கூடிய தொண்டுகளில் மிகவும் பயனுள்ளது பார்வையற்ற மாணவர்களுக்காகப் பாடநூல்களைக் குரலில் பதிவு செய்து கொடுப்பதாகும். சுந்தரராஜன்பட்டியில் இந்தியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிறது. கல்லூரிகளிலும் போட்டித் தேர்வுக்குப் படிப்போரிடையிலும் இத்தகைய பதிவுகள் தேவைப்படுவோர் பலர் உண்டு. கைபேசியே போதும், ஆனால் மின்விசிறியை நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். ஒரு பாடத்துக்கு ஒரு கோப்பு என்று வைத்துக்கொண்டு, தொடக்கத்தில் நூலின் பெயர், பாடத்தின் தலைப்பு, பக்க எண் ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். அட்டவணை வந்தால் எத்தனை கிடைவரிசை, எத்தனை நெடுவரிசை என்று முதலில் கூறிவிட்டு வரிசை வரிசையாகப் படிக்க வேண்டும். படம் வந்தால் அதைத் தாண்டிப் போகாமல் அதில் இருப்பதை இரண்டு வாக்கியத்தில் விளக்க வேண்டும். செய்யுளை அச்சில் உள்ளபடி சீர் பிரித்து ஒருமுறையும், பொருள் விளங்கச் சந்தி பிரித்து மறுமுறையும் படிப்பது அவசியம். மேடைப் பேச்சுப் போல ஏற்ற இறக்கத்துடன் படிப்பதைக் கேட்போர் விரும்புவதில்லை. 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தம் மாற்றுத்திறனாளிகளின் படிப்புக்காக இவ்வாறு பதிவு செய்து கொடுக்க இடம் தருகிறது. அதே பதிவை இணையத்தில் எல்லோருக்குமாக ஏற்றிவிடக் கூடாது.

சித்திரைத் திருவிழா சில ஆண்டுகளில் தேர்வு முடியும் முன்பே வந்துவிடும். விடுமுறையில் வந்தால், தெருவில் நீர்மோர்ப் பந்தல் அமைப்பதில் பங்கெடுக்கலாம். காய்ச்சி ஆறிய நீரில் மட்டும் மோரைக் கலந்து, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை, உப்பு, பெருங்காயம் சேர்த்து, ஒரே அண்டாவில் நாள் முழுக்க வைத்திராமல் சிறிது சிறிதாகக் கரைத்துக்கொள்ள வேண்டும். வெயிலில் மோர் விரைவில் புளித்துவிடும். பிளாஸ்டிக் குவளைகளும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளும் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டவை, ஆகவே எவர்சில்வர் டம்ளர்களும் அவற்றைக் கழுவ இருவரும் தேவை. கழுவும் பணிக்கே ஆள் கிடைப்பதில்லை. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் வைகைக் கரைக் கூட்டத்துக்குள் பிள்ளைகளைத் தொண்டுக்கு அனுப்பக் கூடாது. மறுநாள் காலையில் தெருவைச் சுத்தம் செய்யப் போகலாம்.

மரம் நடலாம் என்று பலரும் சொல்வார்கள். ஒரு மே மாதத்தில் கண்மாய்க் கரையில் நாங்கள் நட்ட கன்றுகளில் ஒன்றும் ஆடி வரை தாங்கவில்லை. நடுவதை ஐப்பசி மழைக்கு விட்டுவிட்டு, தெருவில் ஏற்கெனவே நிற்கும் கன்றுகளுக்கு விடியற்காலையில் தண்ணீர் ஊற்றுவதே கோடைக்கு ஏற்ற பணி.

கிராமத்துப் பிள்ளைகள் மே 1 அன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்து கேட்கலாம். வாக்காளர்களே உறுப்பினர்கள் என்றாலும், ஊருணி, பள்ளிக் கட்டடம், குடிநீர் என ஊரின் குறைகள் அனைத்தும் ஒரே நாளில் காதில் விழும்.

சில பணிகளை மறுத்துவிட வேண்டும். குருதிக்கொடைக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதால் முகாமில் பெயர் பதியும் வேலையோடு நிறுத்திக்கொள்ளலாம். கண்மாயில் இறங்குவது, சீமைக்கருவேலம் வெட்டுவது, சாக்கடை அள்ளுவது, உண்டியல் ஏந்தி வசூல் செய்வது, முதியவர்களின் கைபேசியில் வரும் ரகசிய எண்ணைக் கேட்டு வாங்குவது ஆகியவை பிள்ளைகளுக்கு உரியவை அல்ல. தனியறைக்கு அழைக்கும் பெரியவரிடமிருந்து உடனே விலகி வீட்டில் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும்.

விடுமுறையின் கடைசி வாரத்தில் புதிய வேலை எதையும் எடுக்காமல், பதிவு எந்தப் பக்கத்தில் நிற்கிறது, எந்தக் கன்றுக்கு எந்த வீட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் எடுத்தோம் என்பதை ஒரு தாளில் எழுதி, அடுத்து வருபவரிடமோ பொறுப்பாளரிடமோ கொடுத்துவிட்டுப் பள்ளிக்குத் திரும்ப வேண்டும்.