கிடைத்த பிறவியைப் போற்றுவதில் நேரும் பிழைகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள பீடோங்கில், ரப்பர் தோட்டத்தில் விடியுமுன் பெயர் கொடுக்கும் பெரட்டுக்குப் போய்ப் பழகிய முதியவர்கள் ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆன பின்பும் விடியுமுன் விழித்துக்கொள்கிறார்கள். அவர்களுள் ஒரு பாட்டி, "பால்மரம் வெட்டியே போன பிறவியில என்னப்பா அருமை இருக்கு?" என்று என்னிடம் கேட்டார். மனிதப் பிறவி கிடைத்தற்கரியது என்ற புத்தரின் போதனையைத் தவறாகப் புரிந்துகொள்ளும்போதுதான் இந்தக் கேள்வி எழுகிறது.

அருமை என்பதைச் சுகவாழ்வு என்று எடுத்துக்கொள்வதே முதற்பிழை. உலகமே கடலாகி, அதில் ஒற்றைத் துளையுள்ள நுகத்தடி ஒன்று நாற்புறக் காற்றிலும் அலைக்கழிய, நூறாண்டுக்கு ஒருமுறை மேலே வரும் குருட்டாமை அந்தத் துளையில் தலையை நுழைப்பது எவ்வளவு அரிதோ, மனிதப் பிறவியும் அவ்வளவு அரிது என்றார் புத்தர். செல்வத்தைப் பற்றி அந்த உவமையில் ஒரு சொல்லும் இல்லை. அறத்தைப் பயில வாய்ப்பில்லாத 8 நிலைகளைப் பௌத்த மரபு எண்ணும்போது, நீண்ட ஆயுளோடு இன்பத்தில் திளைக்கும் தேவர்களின் பிறவியையும் அவற்றில் ஒன்றாகவே சேர்க்கிறது. ஆகவே, கேட்கவும் சிந்திக்கவும் மனம் இருக்கிற அந்தப் பாட்டிக்கு வேண்டியது எதுவும் குறையவில்லை.

எல்லாம் தலையெழுத்து என்று கையைக் கட்டிக்கொள்வது அடுத்த பிழை. பிறருடைய துன்பத்தைப் பார்த்து "அவர் வினை" என்று ஒதுங்குவது அதனினும் கொடியது. இதே கெடாவின் புக்கிட் மெரியாமில் கண்டெடுக்கப்பட்ட பழைய பௌத்தக் கல்வெட்டு, அறியாமையால் வினை சேர்கிறது, வினையே பிறப்புக்குக் காரணம், அறிவால் வினை சேர்வதில்லை என்று சொல்கிறது. அறிவு வளர்க்கக்கூடியது என்பதால், அது விதியின் பேச்சு அன்று.

பலரும் விழும் பெரிய குழி, தள்ளிப்போடுதல். பிள்ளைகளின் படிப்பு முடியட்டும், ஈபிஎஃப் பணம் கைக்கு வரட்டும், பிறகு தியானம் பழகலாம் என்கிறோம். நாதிகம் என்ற ஊரில் புத்தரிடம் துறவியர் தாம் மரணத்தை நினைக்கும் விதத்தை ஒவ்வொருவராகச் சொன்னபோது, ஒரு பகலும் இரவும் வாழ்ந்தால் போதும் என்று எண்ணியவரை மட்டுமன்றி, நான்கைந்து கவளம் உண்ணும் நேரம் வாழ்ந்தால் போதும் என்றவரையும் புத்தர் அசட்டையாக இருப்பவர் என்றே சொன்னார். ஒரு கவளத்தை மென்று விழுங்கும் நேரம், அல்லது ஒரு மூச்சு உள்ளே போய் வெளியே வரும் நேரம் என்று சொன்னவர்களையே விழிப்புடையவர்கள் என்றார். இதைச் சாவைப் பற்றிய அச்சமாக மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. நாளை காலை நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலத்தைப் பிரித்ததும், முதல் கவளத்தை மட்டும் கைப்பேசியைப் பார்க்காமல், அதன் சூட்டையும் சம்பலின் காரத்தையும் அறிந்து மென்று விழுங்கிப் பாருங்கள். பயிற்சி அங்கேயே தொடங்கிவிடும்.

பிறவி வீணாகிவிடுமே என்ற பதற்றத்தில், ஒரே வாரத்தில் மணிக்கணக்காகத் தியானத்தில் அமர்ந்து உடம்பை வருத்திக்கொள்வோரும் உண்டு. பால்மரம் வெட்டுவதைப் போலத்தான் இதுவும்: உளி பட்டையைத் தாண்டிக் கட்டையில் பட்டுவிட்டால், அந்த இடத்தில் பட்டை மறுபடி சீராக வளர்வதில்லை. மேலோட்டமாக வெட்டினாலோ பால் சரியாக வடியாது. இதை நான் சொல்லத் தொடங்கியதுமே பாட்டி உளி பிடிக்கும் பாவனையில் மணிக்கட்டைச் சாய்த்து, காற்றில் ஒரு கோடு இழுத்து, "இவ்வளவு ஆழந்தான்" என்று காட்டினார்.