சபோடெக் சுடுமண் உருவங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மெக்சிகோவின் வஹாக்கா பள்ளத்தாக்கில், பழங்குடியினரான சபோடெக் மக்களின் மொண்டே அல்பான் மலைநகரக் கல்லறைகளில் கிடைத்த சாம்பல்நிறச் சுடுமண் உருவங்களைப் பற்றி எழுதுவோர் முதலில் இடறுவது பெயரில்தான். ஐரோப்பிய மொழிகளில் அஸ்திக்கலசத்தைக் குறிக்கும் சொல்லே இவற்றுக்கும் நிலைத்துவிட்டதால், உள்ளே இறந்தவரின் சாம்பல் இருந்ததாகப் பலர் எழுதிவிடுகிறார்கள். உருவத்தின் முதுகில் ஓர் உருளைக் கலம் ஒட்டியிருப்பது உண்மையே. ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை வெறுமையாகவே கிடைத்தன. 'தாழி' என்று தமிழில் பெயர்த்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

அதைவிடப் பெரிய தவறு, முகமூடியைக் கண்டதும் தெய்வம் என்று முடிவுகட்டுவது. பிளந்த நாக்குடன் கூடிய முகம் மின்னலுக்கும் மழைக்கும் உரிய சபோடெக் தெய்வமான கொசிஹோவினுடையது என்பதில் ஐயமில்லை. அதை அணிந்திருப்பவர் யார் என்பதே கேள்வி. மெக்சிகோவின் தொல்லியலாளர்களான அல்போன்சோ காசோவும் இக்னாசியோ பெர்னாலும் 1952இல் வெளியிட்ட பெருந்தொகுப்பில் இவற்றுள் பலவற்றைத் தெய்வங்களின் பெயரிலேயே வகைப்படுத்தினர். பின்னர் அமெரிக்கத் தொல்லியலாளர் ஜாய்ஸ் மார்க்கஸ், இவ்வுருவங்கள் காட்டுவது மழைக்காக மின்னலிடம் பரிந்து பேசவல்ல அரச முன்னோரை என்று வாதிட்டார். சில உருவங்களில் 260 நாள் நாட்காட்டியிலிருந்து எடுத்த பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. பிறந்த நாளின் பெயரைத் தாங்குவது மனிதரின் வழக்கமேயன்றித் தெய்வத்தின் வழக்கமன்று என்பது அவர் வாதத்தின் வலுவான பகுதி. படத்தைப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது கைகளைத்தான்: தலையணியும் காதணியும் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சம்மணமிட்டு முழங்காலில் கைவைத்து அமர்ந்திருக்கும் அந்த உடல் மனித உடலாகவே இருக்கிறது. அதற்காக எல்லா உருவங்களையும் முன்னோராக்கிவிடுவதும் அதே அவசரந்தான்.

கொசிஹோவை அஸ்டெக் மக்களின் திலாலோக் என்று பெயர்மாற்றி எழுதுவது தேவையற்றது. இரண்டும் மழைத் தெய்வங்கள், ஆனால் மொழியும் மக்களும் வேறு. 1932இல் மொண்டே அல்பானின் 7ஆம் கல்லறையில் கிடைத்த பொன்னணிகளைச் சபோடெக் மக்களுடையனவாகக் காட்டுவதும் பிழை. கல்லறை சபோடெக் மக்கள் கட்டியது. பொன் பிற்காலத்தில் அதை மறுபடி பயன்படுத்திய அண்டை இனத்தவரான மிக்ஸ்டெக் மக்களின் கைவேலையாகக் கருதப்படுகிறது.

போலிகளை மறப்பது எல்லாவற்றையும் கெடுத்துவிடும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து சேகரிப்பாளர்களுக்காகச் செய்யப்பட்ட உருவங்கள் பெயர்பெற்ற அருங்காட்சியகங்களிலும் புகுந்துவிட்டன. களிமண் கடைசியாகச் சுடப்பட்ட காலத்தைக் காட்டும் வெப்ப ஒளிர்வு ஆய்வு அவற்றுட் பலவற்றை அடையாளம் காட்டியிருக்கிறது. ஆகவே, அகழ்விடம் குறிக்கப்படாத ஓர் உருவத்தின் விசித்திரமான தலையணியைச் சான்றாகக் கொண்டு சபோடெக் சமயத்தை விளக்கப் புகுமுன், அவ்வுருவம் அப்படிச் சோதிக்கப்பட்டதா என்று அருங்காட்சியகக் குறிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.