தஞ்சாவூருக்கு ரெண்டு நாள் ட்ரிப்: முதல் தடவை போறவங்க பிளான் போடுறது எப்படி?

தஞ்சாவூர் போறேன்னு சொன்னதுமே ஆளாளுக்கு ஒரு லிஸ்ட் குடுப்பாங்க. நவக்கிரக கோயில் ஒன்பது, கும்பகோணம், சுவாமிமலை, திருவையாறு, கல்லணை, அப்படியே வேளாங்கண்ணி, முடிஞ்சா தரங்கம்பாடின்னு. எல்லாத்தையும் ரெண்டு நாள்ல திணிச்சா கார் ஜன்னல் வழியா வயக்காட்டத்தான் பாத்துட்டு வருவீங்க. இந்த பதிவுல நான் சொல்லப்போற பிளான்ல மொத்தமே நாலு இடம்தான், அதுல பெரிய கோயிலுக்கு மட்டும் ரெண்டு தடவை போறோம். வரலாறு பெருசா தெரியாது, முதல் தடவை போறோம்ங்கறவங்களுக்காக எழுதுறது இது.

ஸ்டெப் 1: எப்ப போறதுன்னு முடிவு பண்ணுங்க

டிசம்பர் கடைசியில இருந்து பிப்ரவரி வரைக்கும் நல்ல சீசன். அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு பருவமழை, டெல்டாவுல மழைன்னா சும்மா தூறல் இல்ல, அதனால ரிஸ்க்தான். ஏப்ரல், மே பத்தி ஒண்ணே ஒண்ணு சொல்றேன், கோயில்ல செருப்பு போட முடியாது, முற்றம் முழுக்க கல்லு, பத்து மணிக்கு மேல கால் வைக்க முடியாது. ஸ்கூல் லீவுல மட்டும்தான் போக முடியும்னா கீழ சொல்ற டைமிங்க அப்படியே புடிச்சுக்கோங்க.

கூட்டத்தையும் கணக்குல எடுத்துக்கணும். பிரதோஷம் அன்னிக்கு சாயங்காலம் பெரிய நந்திக்கு அபிஷேகம் நடக்கும், பாக்கவேண்டிய விஷயம்தான், ஆனா சிற்பத்த நிதானமா பாக்க வர்றவங்களுக்கு அந்த நாள் ஒத்து வராது. மாட்டுப்பொங்கல் அன்னிக்கு அதே நந்திக்கு காய்கறி, பழம், இனிப்பு எல்லாம் வச்சு அலங்காரம் பண்ணுவாங்க. ஐப்பசி சதயம், பெரிய கோயில கட்டின சோழ ராஜா ராஜராஜனோட பிறந்த நட்சத்திரம், அன்னிக்கு சதய விழா. ஜனவரி வாக்குல திருவையாத்துல தியாகராஜர் ஆராதனை நடக்குற நாட்கள்ல தஞ்சாவூர்லயே ரூம் கிடைக்கிறது கஷ்டம், கச்சேரி கேக்க போகலன்னா அந்த வாரத்த தவிர்த்துடுங்க.

இன்னொண்ணு, அரண்மனைக்குள்ள இருக்குற சரஸ்வதி மகால் நூலக மியூசியத்துக்கு புதன்கிழமை லீவு. அதனால முதல் நாள் புதன்ல விழாம பாத்துக்கோங்க, கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை செக் பண்ணிடுங்க.

ஸ்டெப் 2: டிக்கெட். போறது தஞ்சாவூருக்கு, திரும்புறது கும்பகோணத்துல இருந்து

இது நிறைய பேர் யோசிக்காத விஷயம். ரெண்டாவது நாள் கும்பகோணம் பக்கம்தான் சுத்தப்போறோம், சாயங்காலம் மறுபடியும் 40 கிலோமீட்டர் தஞ்சாவூருக்கு திரும்பி வந்து ரயில் ஏறணும்னு எந்த கட்டாயமும் இல்ல. சென்னைக்காரங்களுக்கு உழவன் எக்ஸ்பிரஸ் இருக்கு, ராத்திரி ஏறினா காலையில தஞ்சாவூர், திரும்பி வரும்போது அது கும்பகோணத்துலயும் நிக்கும், அதனால ரிட்டர்ன் டிக்கெட்ட கும்பகோணத்துல இருந்தே போட்டுடலாம். பெங்களூர் ஆளுங்களுக்கு மைசூர்ல இருந்து பெங்களூர் வழியா வர்ற ராத்திரி ரயில் ரெண்டு ஊரையும் தொட்டுட்டுதான் போகுது. கோயம்புத்தூர்ல இருந்து மயிலாடுதுறை போற ஜனசதாப்தி இருக்கு, பகல் ரயில். மதுரைக்காரங்களுக்கு பஸ்ஸே போதும். பிளைட்ல வர்றவங்க திருச்சில இறங்கணும், அங்கிருந்து ரோட்டுல சுமார் 60 கிலோமீட்டர்.

ரயில் டிக்கெட் ரிசர்வேஷன் 60 நாளைக்கு முன்னாடி திறக்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ரயில்னா திறந்த அன்னிக்கே போட்டுடுங்க. தட்கல்ல பாத்துக்கலாம்னு விடாதீங்க, குடும்பமா நாலஞ்சு பேர் போறப்ப அதெல்லாம் வேலைக்கு ஆகாது.

ஸ்டெப் 3: ரூம் எங்க எடுக்கிறது

ரயில்வே ஸ்டேஷன், பழைய பஸ் ஸ்டாண்டு, பெரிய கோயில், அரண்மனை எல்லாமே ரெண்டு மூணு கிலோமீட்டருக்குள்ள அடங்கிடும், அதனால இந்த ஏரியாவுக்குள்ள ரூம் எடுத்தா போதும், ஆட்டோவுலயே வேலை முடிஞ்சுடும். புதிய பஸ் ஸ்டாண்டு பக்கம் ரூம் கொஞ்சம் புதுசா நல்லா இருக்குன்னு போட்டோவ பாத்து போட்டுடாதீங்க, அது ஊருக்கு வெளிய. மதியம் ரூமுக்கு திரும்பி வந்து படுக்கப்போறோம், அதான் தூரம் முக்கியம். ராத்திரி ரயில்ல வர்றவங்க விடிகாலையில செக்கின் தருவாங்களான்னு போன் பண்ணி கேட்டுட்டு புக் பண்ணுங்க, நிறைய லாட்ஜ்ல 24 மணி நேர கணக்குதான்.

ஸ்டெப் 4: முதல் நாள் காலை, பெரிய கோயில்

ஆறு மணிக்கு திறந்துடுவாங்க. ஏழு மணிக்குள்ள உள்ள இருங்க. சன்னதி மதியம் பன்னண்டரை வாக்குல சாத்தி நாலு மணிக்கு மேலதான் திறப்பாங்க, ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே தரை சுட ஆரம்பிச்சிடும். பையில ஒரு ஜோடி சாக்ஸ் போட்டு வைங்க. நுழைவுக் கட்டணம் கிடையாது.

உள்ள போனதும் எல்லாரும் விமானத்த, அதாவது கருவறை மேல எழும்புற கோபுரத்த, பாத்துட்டு நேரா சன்னதிக்கு ஓடுவாங்க. நீங்க வாசல்லயே நில்லுங்க. முதல்ல வர்றது மராட்டியர் காலத்து வாசல், அடுத்தது கேரளாந்தகன் திருவாசல், அது ராஜராஜன் சேரர்கள ஜெயிச்ச ஞாபகத்துல வச்ச பேரு, மூணாவது ராஜராஜன் திருவாசல். இந்த மூணாவதுல ரெண்டு பக்கமும் நிக்குற துவாரபாலகர் காலடிய பாருங்க, ஒரு பாம்பு யானைய முழுங்கிட்டு இருக்கும். யானைய முழுங்குற பாம்பு எவ்ளோ பெருசு, அந்த பாம்பே காலடியில கிடக்குதுன்னா துவாரபாலகர் எவ்ளோ பெருசு, அவரே வாசல்லதான் நிக்கிறார்னா உள்ள இருக்கிறவர் எவ்ளோ பெருசுன்னு கணக்கு போட வைக்கிற வேலை அது. குழந்தைங்கள கூட்டிட்டு போனீங்கன்னா அந்த பாம்ப அவங்களையே கண்டுபிடிக்க சொல்லுங்க.

அடுத்து நந்தி. ஒரே கல்லு, 12 அடி உயரம், ஆனா இது சோழர் காலத்தது இல்ல, நாயக்கர் காலம். இந்த கோயில் முழுக்கவே இப்படித்தான், 1010ல ராஜராஜன் குடமுழுக்கு பண்ணதுக்கு அப்புறம் வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொண்ணு சேத்துருக்காங்க. அம்மன் சன்னதி பாண்டியர் காலம், முருகன் சன்னதி நாயக்கர் காலம், அதோட தூண் வேலைப்பாட்ட கிட்ட போய் பாத்தா மத்த இடத்துக்கும் இதுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும். மராட்டியர்கள் 1803ல அவங்க வம்ச வரலாற மராத்தியில சுவத்துல செதுக்கி வச்சுட்டாங்க, அதுவும் பெரிய நீளம்.

விமானம் 216 அடி. பக்கத்துல மலையே இல்லாத ஊர்ல முழுக்க கருங்கல்லுல. நிழல் தரையில விழாதுன்னு கைடு யாராவது சொன்னா சிரிச்சுட்டு விட்டுடுங்க, காலையில போனீங்கன்னா அந்த நிழல்லயேதான் நிக்கப்போறீங்க. இந்த கதையெல்லாம் இல்லாமலே அது போதுமான அளவு ஆச்சரியம்தான்.

உண்மையான ஆச்சரியம் கீழ, நம்ம இடுப்பு உயரத்துல இருக்கு. விமானத்தோட அடித்தளம் சுத்தி முழுக்க கல்வெட்டு. யாரு என்ன நகை குடுத்தாங்க, எத்தனை கழஞ்சு (அந்த காலத்து பொன் எடை), விளக்கு நெய்க்கு எத்தனை ஆடு, தளிச்சேரி பெண்டுகள்ங்கற கோயில் நடனப் பெண்கள் 400 பேருக்கு எந்த தெருவுல எந்த வீடு, எல்லாம் எழுதி வச்சிருக்கு. ராஜராஜன் நான் குடுத்தது, அக்கா குடுத்தது, பெண்டுகள் (ராணிகள்) குடுத்தது, மத்தவங்க குடுத்தது எல்லாத்தையும் கல்லுல வெட்டுங்கன்னு சொன்னதா அந்த கல்வெட்டே சொல்லுது. அக்காங்கறது குந்தவை. எழுத்து பழசுதான், ஆனா பத்து நிமிஷம் உத்துப் பாத்தா க, ட, ப, ம, ர எல்லாம் பிடிபட ஆரம்பிச்சிடும், நிறைய கல்வெட்டு ஸ்வஸ்தி ஸ்ரீன்னு கிரந்த எழுத்துல ஆரம்பிக்கும், அத தேடுங்க. இந்த கல்வெட்டுகள 1880கள்ல ஹுல்ஷ்ங்கற ஜெர்மன் அறிஞர் படிச்சு சொல்ற வரைக்கும் இத கட்டினது யாருன்னே ஊர்ல ஆளுக்கொரு கதைதான் இருந்துச்சு.

கருவறைய சுத்தின உள் சுற்றுல இருக்குற சோழர் ஓவியமும், மேல்தளத்துல இருக்குற 81 கரண சிற்பமும் (நடன நிலைகள்) பொதுமக்களுக்கு திறக்கிறதில்ல. அதுக்காக யாரையும் கெஞ்சிட்டு நிக்காதீங்க, வளாகத்துக்குள்ளேயே காட்சிக்கூடம் இருக்கு, அங்க அந்த ஓவியங்களோட படத்த பாத்துக்கலாம்.

ஸ்டெப் 5: வெயில் ஏறினதும் அரண்மனை

டிபன் முடிச்சுட்டு பத்து மணி வாக்குல அரண்மனைக்கு போங்க. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி டிக்கெட், கேமராவுக்கு தனி, அதனால சில்லறையா காசு வச்சுக்கோங்க. கட்டடம் சில இடத்துல கொஞ்சம் பாழடைஞ்சுதான் இருக்கும், அத பாத்துட்டு வாசல்லயே திரும்பிடாதீங்க, சரக்கு உள்ளதான் இருக்கு.

கலைக்கூடத்துல செப்புத்திருமேனிகள் நூத்துக்கணக்குல இருக்கு, எல்லாத்தையும் பாத்தா எதுவும் மனசுல நிக்காது. ரெண்டே ரெண்டு தேடுங்க. ஒண்ணு, திருவெண்காட்டுல கிடைச்ச ரிஷபவாகனர், அதாவது காளையோட நிக்குற சிவன், 1011ல செஞ்சது. தலையில முடியவே தலைப்பாகை மாதிரி சுத்தி, ஒரு காலை லேசா குறுக்கால வச்சு, ஒரு கைய எதுமேலயோ சாய்ச்ச மாதிரி நிப்பாரு. அந்த எது இப்ப அங்க இல்ல, அது ஒரு காளை. காளை இல்லாமலே அந்த கை சாஞ்சு இருக்கிறது நமக்கு தெரியும், விரல் தொங்குற விதத்த பாருங்க. இன்னொண்ணு, ஒரு கல் துவாரபாலகர், மத்த சோழர் சிற்பங்கள் மாதிரியே இருக்க மாட்டார். ராஜராஜனோட பேரன் ராஜாதிராஜன், சாளுக்கியரோட தலைநகர் கல்யாணபுரத்த எரிச்சுட்டு தூக்கிட்டு வந்தது, அத பீடத்துலயே தமிழ்ல எழுதி வச்சிருக்காங்க.

சரஸ்வதி மகால்ல நூலகம் ஆராய்ச்சியாளர்களுக்கு, நமக்கு மியூசியம். சின்னதுதான், அரை மணி நேரம் போதும். ஓலைச்சுவடி எல்லாம் இருக்கு, ஆனா எல்லாரும் நின்னு பாக்குறது மனுஷ மூஞ்சியையும் மிருக மூஞ்சியையும் பக்கத்துல பக்கத்துல வரைஞ்ச அந்த பிரெஞ்சு ஓவியங்களத்தான். தஞ்சாவூர் மராட்டிய ராஜா ரெண்டாம் சரபோஜிக்கு இப்படி எல்லாத்துலயும் ஆர்வம். பசங்க இருந்தா அரண்மனைக்குள்ள திமிங்கில எலும்புக்கூடு எங்கன்னு கேளுங்க, காட்டுவாங்க.

ஸ்டெப் 6: மதியம் தூங்குங்க

சாப்டுட்டு ரூமுக்கு போய் படுங்க. மூணு மணி நேரம் வேஸ்ட்டா போகுதேன்னு நினைச்சு அந்த நேரத்துல கல்லணைக்கு காரை விட்டா சாயங்காலம் கோயிலுக்கு போக உடம்புல தெம்பு இருக்காது.

நாலரைக்கு மேல மறுபடியும் பெரிய கோயில். கோயில் கிழக்கு பாத்தது, அதனால காலையில முன்பக்கம் வெளிச்சம், சாயங்காலம் பின்பக்கம். கூட்டம் எல்லாம் முன்னாடி செல்ஃபி எடுத்துட்டு இருக்கும், நீங்க பின்னாடி போங்க, மேற்கு சுவத்துல அந்த மஞ்ச வெயில் விழும்போது காலையில சாம்பலா தெரிஞ்ச கல்லு வேற கலருல இருக்கும். போட்டோ எடுக்கலாம், கருவறையில மட்டும் கூடாது, டிரோன் எல்லாம் அனுமதி இல்லாம தொடவே தொடாதீங்க. விளக்கு போடுற வரைக்கும் சும்மா உக்காந்து இருங்க, உள்ளூர்க்காரங்களும் அதத்தான் பண்ணுவாங்க.

ஸ்டெப் 7: ரெண்டாவது நாள், கங்கைகொண்ட சோழபுரமும் தாராசுரமும்

ரூமை காலி பண்ணிட்டு ஒரு கார் பேசிக்கோங்க, கும்பகோணம் ஸ்டேஷன்ல டிராப்புன்னு முதல்லயே சொல்லிடுங்க, ரிட்டர்ன் கிலோமீட்டரும் சேத்துதான் கணக்கு போடுவாங்க, அதையும் அப்பவே பேசி முடிச்சுடணும்.

தூரமான இடத்துக்கு முதல்ல போகணும். கங்கைகொண்ட சோழபுரம் சுமார் 70 கிலோமீட்டர், ஆறரைக்கு கிளம்பினா எட்டரை வாக்குல போயிடலாம். ராஜராஜனோட மகன் ராஜேந்திரன் கட்டின கோயில், அப்பா கட்டினத விட உயரம் கம்மி, ஆனா தஞ்சாவூர் விமானம் நேர்கோடா ஏறும், இது உள்பக்கமா வளைஞ்சு ஏறும். முந்தின நாள் அத பாத்துட்டு வந்ததாலதான் இது உங்களுக்கு தெரியும். வடக்கு வாசல் படிக்கட்டு பக்கம் தன் பக்தர் சண்டேசரோட தலையில சிவன் பூமாலை சுத்திவிடுற சிற்பம் இருக்கு, அதுக்கு மட்டும் பத்து நிமிஷம் குடுங்க. கூட்டமே இருக்காது, புல்தரை நல்லா இருக்கும், ஆனா சாப்பாட்டுக்கு பெருசா எதுவும் கிடைக்காது, காலை டிபன கையில வாங்கிட்டு போயிடுங்க.

மதியம் கும்பகோணம். சாப்பாடு, வெத்தலை, டிகிரி காபி. சாயங்கால டிபனுக்கு கடப்பா கிடைச்சா விடாதீங்க, பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் போட்டது, இட்லிக்கு இந்த பக்கத்து ஸ்பெஷல். அசோகா அல்வா திருவையாத்துக்காரங்க ஐட்டம், கும்பகோணத்துலயும் கிடைக்கும்.

நாலு மணிக்கு மேல தாராசுரம், கும்பகோணத்துல இருந்து நாலு கிலோமீட்டர் கூட இருக்காது. ரெண்டாம் ராஜராஜன் கட்டினது. தஞ்சாவூர்ல தலைய தூக்கி பாத்தோம்ல, இங்க குனிஞ்சு பாக்கணும். சக்கரமும் குதிரையும் வச்ச தேர் மாதிரி மண்டபம், ஒரு பக்கம் மறைச்சா யானை, இன்னொரு பக்கம் மறைச்சா காளைன்னு தெரியுற சிற்பம், நாயன்மார் கதைய ஜாண் உயரத்துல செதுக்கின வரிசை. இங்க மட்டும் உள்ளூர் கைடு ஒருத்தர வச்சுக்கோங்க, ரேட்ட முன்னாடியே பேசிடுங்க. இந்த குட்டி சிற்பங்கள நீங்களா தேடினா பாதி கண்ணுல படாது.

இந்த மூணு கோயிலும் சேந்து ஒரே யுனெஸ்கோ லிஸ்ட்டுல இருக்கு, பெரிய கோயில் 1987ல, மத்த ரெண்டும் 2004ல சேந்துச்சு. மழை, ஈரம்னு ஏதாவது ஆகி ஒண்ண விடவேண்டி வந்தா கங்கைகொண்ட சோழபுரத்த விடுங்க, தாராசுரத்த விடாதீங்க.

தலையாட்டி பொம்மை, தஞ்சாவூர் தட்டு, ஓவியம் மாதிரி சாமான் வாங்கணும்னா முதல் நாளே அரசாங்க கைவினைக் கடையான பூம்புகார் விற்பனை நிலையத்துல விலைய பாத்து வச்சுக்கோங்க, வெளிக்கடையில பேரம் பேச அது உதவும். தலையாட்டி பொம்மைய துணியில சுத்தி தனியா கையில எடுத்துட்டு போங்க, ரயில்ல பெட்டிக்குள்ள அமுங்கினா கழுத்து போயிடும்.