வெயிலில் வேலை பார்ப்பவர்கள் தோலைப் பார்த்துக்கொள்வது எப்படி?

தூத்துக்குடியில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். பங்குனி பிறந்துவிட்டால் "முகமெல்லாம் கறுத்துப்போச்சுண்ணே, நல்ல கிரீமா ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வருபவர்கள் கூடிவிடுவார்கள். உப்பளத்துக்குப் போகும் அக்காக்கள், மீன் விற்கிறவர்கள், நாள் முழுக்க பைக்கிலேயே இருக்கும் டெலிவரி தம்பிகள். கடையில் கூட்டம் நிற்கும்போது அவர்களிடம் முழுசாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கையையே பாருங்கள். அக்குளுக்குக் கீழே, மேல்கையின் உள்பக்கம் எப்படி இருக்கிறது? முழங்கைக்குக் கீழே வெளிப்பக்கம் எப்படி இருக்கிறது? இரண்டுக்கும் ஒரே வயதுதான். உள்பக்கம் வழவழப்பாக இருக்கும். வெளிப்பக்கம் கறுத்து, வறண்டு, அங்கங்கே புள்ளி விழுந்திருக்கும். இந்த வித்தியாசத்தில் பெரும்பகுதி வெயிலின் வேலை.

வெயிலில் நம்மை வந்து சேரும் புற ஊதாக் கதிர்கள் இரண்டு வகை. யூவிபி மேல்தோலைச் சுட்டு எரிச்சல் தரும். செல்லுக்குள் இருக்கும் டிஎன்ஏவையும் நேரடியாகக் கெடுக்கும். யூவிஏ இன்னும் ஆழமாக இறங்கி, தோலை இறுக்கமாக வைத்திருக்கும் கொலாஜனை அரிக்கும். சுருக்கமும் தளர்ச்சியும் அதனால்தான் சீக்கிரம் வருகின்றன. யூவிஏ சாதாரணக் கண்ணாடியைத் தாண்டி வரும் என்பதால், லாரி ஓட்டுகிறவர்கள் ஜன்னலை ஏற்றிவிட்டாலும் வலது கைக்கு முழுப் பாதுகாப்பு கிடையாது.

"நாமளே கறுப்பு, நமக்கென்ன ஆகப்போகுது" என்று நிறையப் பேர் சொல்கிறார்கள். பாதி சரிதான். நம் தோலில் உள்ள மெலனின் என்ற கறுப்பு நிறமி வெயிலைக் கொஞ்சம் தடுக்கும். வெள்ளைக்காரர்களைப் போல நமக்குத் தோல் புற்றுநோய் அதிகம் வருவதில்லை. ஆனால் அதே மெலனின்தான் வெயில் பட்டுத் தூண்டப்படும்போது கன்னத்திலும் மூக்கிலும் மங்கு எனும் கறுப்புத் திட்டாகப் படிகிறது. வந்த மங்கு லேசில் போகாது. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்த இடத்தில் மெலனின் பாதுகாப்பே இல்லை. பிறவியிலேயே உடல் முழுக்க நிறமி குறைந்த பிள்ளைகளை வெயிலில் விடவே கூடாது. அவர்களுக்குப் புற்றுநோய் அபாயம் நிஜமாகவே அதிகம்.

சரி, என்ன செய்யலாம்? நேரத்தைப் பார்ப்பதுதான் முதல் வேலை. கடிகாரம்கூட வேண்டாம், நிழல் போதும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் புற ஊதா கடுமையாக இருக்கிறது என்று அர்த்தம். எங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏறக்குறைய பகல் 12.15-க்கு. அதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரத்தையாவது நிழல் வேலைக்கு ஒதுக்க முடிந்தால் பெரிய லாபம். மதியம் கடல் காற்று வந்ததும் வெயில் தணிந்த மாதிரி இருக்கும். அதை நம்பாதீர்கள், காற்று சூட்டைத்தான் குறைக்கும், புற ஊதாவைக் குறைக்காது. லேசான மேகமும் அதைப் பெரிதாகத் தடுக்காது.

அடுத்தது துணி. கிரீமைவிடத் துணியைத்தான் நான் நம்புகிறேன். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை போட்டு வேலை பார்க்கும் நம் பெண்களின் வழக்கம் அருமையான வழக்கம். சட்டையை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வெளிச்சம் தாராளமாக ஊடுருவினால் வெயிலும் ஊடுருவும். நைந்துபோன வெள்ளைப் பருத்தியைவிட நெருக்கமாக நெய்த அடர்நிறத் துணி நன்றாகத் தடுக்கும். பருத்தி நனைந்தால் தடுப்பு இன்னும் குறையும், அதனால் மாற்றுச் சட்டை ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். தலையில் கட்டும் துண்டு மூக்குக்கும் பிடரிக்கும் நிழல் தராது. அதன்மேல் அகல விளிம்புள்ள தொப்பி வேண்டும். உப்பளத்தில் தொப்பியும் போதாது. வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் கீழிருந்து தாடையில் அடிக்கும். மூக்கிலிருந்து கழுத்துவரை துணி சுற்றி, கண்ணுக்குப் புற ஊதா தடுக்கும் கண்ணாடி போடுங்கள். கண்ணில் சதை வளர்வதற்கும் புரை விழுவதற்கும் வெயிலும் ஒரு காரணம்.

மூட முடியாத இடத்துக்குத்தான் வெயில் தடுக்கும் கிரீமான சன்ஸ்கிரீன். அதன் டியூபில் எஸ்பிஎஃப் என்று போட்டிருப்பது யூவிபியைத் தடுக்கும் அளவு. எஸ்பிஎஃப் 30 போட்டால் யூவிபியில் ஏறக்குறைய 97 சதவீதம் தடுக்கப்படும், 50 போட்டால் 98. ஒரே ஒரு சதவீதத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு போதுமான அளவு தடவினால்தான். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் கோடாகப் பிதுக்கினால் வருவதுதான் முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டிய அளவு. கடலை அளவு எடுத்து முகம் முழுக்கத் தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்துத் துடைத்தால் உடனே, மறுபடி தடவ வேண்டும். மங்கு உள்ளவர்கள் தோல் நிறத்திலேயே வரும் வகையை வாங்குங்கள். அதில் உள்ள இரும்பு ஆக்சைடு, மங்கைக் கூட்டும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும்.

இனி எனக்கு மிகவும் கவலை தரும் விஷயம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மோமெட்டசோன் போன்ற ஸ்டீராய்டு மருந்து கலந்த கிரீமை மாதக்கணக்கில் பூசுகிறார்கள். முதலில் முகம் பளிச்சென்று ஆகும். அப்புறம் தோல் மெலிந்து, சிவப்பு நரம்பு தெரிந்து, பருவும் முடியும் வந்து, வெயிலில் நின்றாலே எரியும். நிறுத்தினால் எரிச்சல் இன்னும் கூடும். டாக்டர் சீட்டு இல்லாமல் இதை நான் கொடுப்பதில்லை; கோபித்துக்கொண்டு போகிறவர்கள் போகட்டும். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தேய்த்துக்கொண்டு வெயிலில் இறங்குவதும் வேண்டாம். தோல் வெந்து கறுப்புத் திட்டாகிவிடும்.

கிருமியைக் கொல்லத் தரும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும், ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சிலருக்கு வெயில் தாங்காமல் செய்யும். நீங்களாக நிறுத்தாதீர்கள், டாக்டரிடம் சொல்லுங்கள்.

ஒரு மாதமாகியும் ஆறாத புண், கீழுதட்டில் உரிந்துகொண்டே இருக்கும் வெள்ளைத் திட்டு, வளர்கிற அல்லது ரத்தம் கசிகிற மச்சம் இருந்தால் மருந்துக்கடைக்கு வராமல் நேரே தோல் டாக்டரிடம் போங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. போகும்போது இதுவரை பூசிய கிரீம் டியூப்களை, காலியானவை உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.