பழைய பாய்மரப் படகின் டீசல் இன்ஜின் பாதியில் நின்றால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த பழைய டீசல் இன்ஜின், சத்தம் ஏறி இறங்கி, திணறி நின்றுவிட்டதா? அநேகமாக டீசல் வந்து சேரவில்லை என்றுதான் அர்த்தம். ஆனால் பலரும் முதலில் சந்தேகப்படுவது, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் இன்ஜெக்டர்களுக்கு அதை அழுத்தத்தோடு அனுப்பும் இன்ஜெக்‌ஷன் பம்பை. அது கடைசியாகச் சந்தேகப்பட வேண்டிய பொருள். விலை அதிகம், கழற்றினால் திரும்ப டைமிங் (டீசல் பீச்சும் நேரம்) பார்த்து மாட்ட வேண்டும். டேங்கிலிருந்து அந்தப் பம்ப் வரைக்கும் இருக்கிற வழியில்தான் (முதல் ஃபில்டர், டீசலை உறிஞ்சித் தள்ளும் லிஃப்ட் பம்ப், இன்ஜினில் உள்ள இரண்டாவது ஃபில்டர்) பெரும்பாலான கோளாறுகள் கிடக்கின்றன. டேங்க் வால்வு மூடியிருக்கிறதா, இன்ஜினை நிறுத்தும் கேபிள் இழுத்தபடியே மாட்டிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். டீசல் அளவுக்கு மீட்டரை நம்பாமல் குச்சி விட்டே பாருங்கள்.

படகையே பாழாக்கக்கூடிய தவறு, ஸ்டார்ட் ஆகாத இன்ஜினுக்கு விடாமல் செல்ஃப் அடிப்பது. செல்ஃப் சுற்றும்போதெல்லாம் குளிர்விக்கும் கடல்நீர் பம்பும் சேர்ந்தே சுற்றும். இன்ஜின் பிடிக்காததால் அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகை அழுத்தம் இருக்காது. சைலன்சர் நிரம்பி, தண்ணீர் எக்ஸாஸ்ட் வால்வு வழியாக சிலிண்டருக்குள்ளேயே வந்துவிடும். தண்ணீரை அமுக்க முடியாது; பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளையும். அதனால் ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் அடிக்காதீர்கள். இரண்டு மூன்று முறையில் பிடிக்கவில்லை என்றால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயலுங்கள், பிடித்த உடனே திறந்துவிடுங்கள். திறக்க மறந்தால் பம்பின் ரப்பர் இம்பெல்லர் காய்ந்து கிழிந்துவிடும்.

செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை எக்ஸாஸ்ட் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். கொஞ்சமும் புகை இல்லையென்றால் சிலிண்டருக்கு டீசலே போகவில்லை. வெள்ளையாகப் புகை வந்தும் பிடிக்கவில்லை என்றால் டீசல் போகிறது, எரியவில்லை. சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக், காற்றை அமுக்கும் கம்ப்ரெஷன் பக்கம் போகலாம். ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஈதர் ஸ்பிரே மட்டும் அடிக்காதீர்கள். க்ளோ பிளக் உள்ள இன்ஜினில் அது நேரம் தப்பி வெடித்து பிஸ்டனை உடைக்கும்.

அடுத்தது ஏர், அதாவது டீசல் வழிக்குள் புகும் காற்று. டேங்குக்கும் லிஃப்ட் பம்புக்கும் நடுவில் உள்ள பகுதி முழுக்க உறிஞ்சும் பகுதி. அங்கே ஒரு ஜாயின்ட் தளர்ந்திருந்தால், இன்ஜின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். இது தெரியாமல் துணியால் துடைத்துப் பார்த்து, ‘எங்கேயும் ஒழுகல் இல்லை’ என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். லிஃப்ட் பம்புக்கு முன்னால் ஒரு சாண் நீளத்துக்கு, டீசல் தாங்கும், உள்ளே தெரியும் ஹோஸைத் தற்காலிகமாக மாட்டுங்கள். குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும். குற்றவாளி பெரும்பாலும் ஃபில்டர் மூடியின் ஓ-ரிங், வெடித்த ஹோஸ், அல்லது மறுபடி மறுபடி போட்ட செப்பு வாஷர். பழைய ஓ-ரிங் பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டுவிடுவதும் உண்டு. ஒழுகலை அடைக்க டெஃப்லான் டேப் சுற்றாதீர்கள்; பிய்ந்த இழை உள்ளே போய் அடைக்கும்.

எந்தப் பக்கம் கோளாறு என்று பிடிபடவில்லையா? சுத்தமான டீசல் உள்ள ஒரு கேனிலிருந்து நேராக லிஃப்ட் பம்புக்கு ஹோஸ் கொடுத்து ஓட்டிப் பாருங்கள். பிரச்சினை போய்விட்டால் டேங்க், குழாய், முதல் ஃபில்டர் இவற்றில் ஒன்றுதான். போகவில்லை என்றால் லிஃப்ட் பம்பும் அதற்கு அந்தப் பக்கமும். இந்தச் சோதனைக்கு முன்னால் எதையும் புதிதாக வாங்காதீர்கள். ஒரே நேரத்தில் நான்கு பொருளை மாற்றினால் எது சரிசெய்தது என்று கடைசிவரை தெரியாது.

அரை மணி நேரம் ஓடி நிற்கிறது, கொஞ்ச நேரம் கழித்து எதையும் சரிசெய்யாமலே மறுபடி ஸ்டார்ட் ஆகிறது என்றால் டேங்கின் காற்றுத் துளையைப் பாருங்கள். உப்போ பூச்சிக் கூடோ அடைத்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். டேங்க் மூடியைத் திறந்ததும் காற்று உஸ்ஸென்று உள்ளே போனால் அதுதான். டேங்குக்குள் உறிஞ்சு குழாயின் நுனியில் உள்ள சின்ன வலையில் கசடு ஒட்டினாலும் இதே அறிகுறிதான். இன்ஜின் நின்றதும் கசடு விழுந்துவிடும்.

கரையில் நன்றாக ஓடும் இன்ஜின் அலை அதிகமான நேரத்தில் நிற்பதற்கும் பெரும்பாலும் இந்தக் கசடே காரணம். தண்ணீர் டீசலுக்கு அடியில் தங்கும்; இரண்டும் சேரும் இடத்தில் நுண்ணுயிர்கள் வளரும். படகு ஆடும்போது எல்லாம் கலங்கி மேலே வரும். இதற்கு நுண்ணுயிர்களைக் கொல்லும் மருந்தை மட்டும் ஊற்றிவிட்டுக் கிளம்புவது பெரிய தவறு. செத்த கசடு மொத்தமாக ஃபில்டருக்கு வரும். டேங்கை அடிவரை உறிஞ்சிச் சுத்தம் செய்த பிறகுதான் மருந்து.

ஃபில்டர் மாற்றும்போது இன்ஜினில் உள்ள இரண்டாவது ஃபில்டருக்குள் கேனிலிருந்து டீசலை ஊற்றி நிரப்புவது பலரின் பழக்கம். அந்த டீசலில் உள்ள தூசி வடிகட்டப்படாமல் நேராக இன்ஜெக்‌ஷன் பம்புக்குப் போக வழியாகிறது. காலியாகவே மாட்டி, லிஃப்ட் பம்பின் கைப்பிடியால் நிரப்புங்கள். கைப்பிடி தொளதொளவென்று ஆடினால் பம்ப் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள். பம்பை இயக்கும் இன்ஜினின் கேம் அதை அழுத்திப் பிடித்திருக்கலாம். இன்ஜினைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினால் கைப்பிடி வேலை செய்யும்.

உள்ளே புகுந்த காற்றை வெளியேற்றுவது, அதாவது ஏர் எடுப்பது, டேங்க் பக்கத்திலிருந்து இன்ஜெக்டர் நோக்கி. காற்றை வெளியே விடும் ஒரு ஸ்க்ரூவைத் தளர்த்தி, அதில் குமிழியில்லாமல் டீசல் வந்து இறுக்கிய பிறகே அடுத்தது. இன்ஜெக்டர் நட்டை லூஸ் பண்ணி செல்ஃப் அடிக்கும்போது கை பக்கத்தில் இருக்கக்கூடாது. இன்ஜெக்டரிலிருந்து பீச்சும் டீசல் 100 பாருக்கு மேலான அழுத்தம் கொண்டது. தோலைத் துளைத்து உள்ளே போகும். புள்ளிக் காயமாகத் தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டிய விஷயம்.

வேலை முடிந்ததும் ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். அளவு கூடியிருந்து டீசல் வாசம் அடித்தால் லிஃப்ட் பம்பின் டயஃப்ரம் (உள்ளே இருக்கும் சவ்வு) கிழிந்திருக்கக்கூடும். டயஃப்ரத்தையும் ஆயிலையும் மாற்றும்வரை அந்த இன்ஜினை ஓட்டாதீர்கள்.