லாரிகளின் டீசல் செலவைக் கட்டுக்குள் வைப்பது எப்படி?

டீசல் விலை 2017 ஜூன் 16 முதல் நாள்தோறும் மாறும் முறைக்கு வந்துவிட்டது. ஜி.எஸ்.டி.க்குள் டீசல் கொண்டுவரப்படாததால், அதற்குக் கட்டிய வரியைக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. எனவே நாமக்கல்லிலோ சங்ககிரியிலோ ஐந்து பத்து லாரிகளை வைத்துத் தொழில் செய்பவர், தம் வண்டி லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது என்பதில்தான் முதலில் கண் வைக்க வேண்டும். மாதம் 10,000 கி.மீ. ஓடும் வண்டி லிட்டருக்கு 4 கி.மீ. கொடுத்தால் 2,500 லிட்டர் தேவைப்படும். அதே வண்டி 4.25 கி.மீ. கொடுத்தால் ஏறத்தாழ 147 லிட்டர் மிஞ்சும். லிட்டர் 92 ரூபாய் என்று கொண்டால், ஒரு வண்டிக்கு மாதம் சுமார் 13,500 ரூபாய் மிச்சம்.

இந்தக் கணக்கு சரியாக வர அளவு சரியாக இருக்க வேண்டும். புறப்படும்போது டேங்கை முழுதாக நிரப்பிக் கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, திரும்பியதும் அதே பங்க்கில் அதே சமதளத்தில் வண்டியை நிறுத்தி மீண்டும் நிரப்பி, வழியில் பிடித்த டீசலையும் சேர்த்து வகுக்க வேண்டும். வண்டி சற்றுச் சாய்ந்து நின்றாலும் பெரிய டேங்கில் பல லிட்டர் மாறிவிடும் என்பதால் இடத்தை மாற்றக் கூடாது. மைலேஜோடு எத்தனை டன் லோடு, எந்த வழி, எவ்வளவு தூரம் காலி வண்டியாக ஓடியது என்பவற்றையும் டிரிப் ஷீட்டில் எழுத வேண்டும். மலைப்பாதையில் முழு லோடு ஏற்றிச் சென்றவரையும் சமவெளியில் பாதி லோடு ஏற்றிச் சென்றவரையும் ஒரே எண்ணை வைத்து ஒப்பிடுவது ஓட்டுநருக்குச் செய்யும் அநியாயம். ஒரு வண்டியை அதே வழியில் அது முன்பு கொடுத்த மைலேஜோடு ஒப்பிடுவதே முறை.

அடுத்து, பணம் கொடுத்த டீசல் முழுவதும் டேங்குக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும். பங்க்கில் சந்தேகம் எழுந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுப் பாத்திரத்தில் பிடித்துக் காட்டச் சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ரொக்கத்தைக் குறைத்து, எண்ணெய் நிறுவனங்களின் எக்ஸ்ட்ராபவர், ஸ்மார்ட்ஃப்ளீட், டிரைவ் டிராக் பிளஸ் போன்ற கார்டுகளைப் பயன்படுத்தினால், எந்தப் பங்க்கில் எந்த நேரத்தில் நிரப்பினார்கள் என்பது பதிவாகிவிடும். அந்த நேரத்தைச் சுங்கச்சாவடியின் ஃபாஸ்டேக் குறுஞ்செய்தியோடு வைத்துப் பார்த்தாலே போலி பில் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.

ஓட்டும் முறையில், மிச்சம் என்று நம்பி உயிரையே பணயம் வைக்கும் ஒரு பழக்கத்தைக் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். தொப்பூர் கணவாய் போன்ற இறக்கங்களில் வண்டியை நியூட்ரலில் விடுவதுதான் அது. டீசல் பாய்வதை மின்னணு முறையில் கட்டுப்படுத்தும் இன்றைய காமன் ரெயில் இன்ஜின்களில், கியரில் வைத்தபடி ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், இறக்கத்தில் சக்கரமே இன்ஜினைச் சுழற்றுவதால் டீசல் பாய்வது அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில் விட்டாலோ இன்ஜின் அணையாமல் இருக்க டீசல் எரிந்துகொண்டே இருக்கும். இன்ஜினின் பிடிப்பும் போய், முழு பாரமும் பிரேக்கின் மேல் விழுந்து டிரம் சூடேறி, கீழே வரும்போது பிரேக் பிடிக்காமல் போகலாம். இந்தக் காரணத்தை ஓட்டுநருக்குப் பொறுமையாக விளக்க வேண்டும். உத்தரவு மட்டும் போட்டால் இரவு மூன்று மணிக்குக் கணவாயில் அந்தப் பழக்கம் நிற்காது. இன்ஜின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைப் பச்சைப் பகுதிக்குள் வைத்து ஓட்டுவதையும், லோடு இறக்கக் காத்திருக்கும்போது இன்ஜினை அணைப்பதையும் இதே விதமாகப் பழக்கலாம்.

பராமரிப்பில் டயர் காற்று, ஏர் ஃபில்டர், வீல் அலைன்மென்ட் ஆகியவை எல்லோரும் அறிந்தவையே. பலர் கவனிக்காதது, முழுதாக விடுபடாமல் உரசிக்கொண்டே ஓடும் பிரேக். நீண்ட ஓட்டம் முடிந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய் (தொடாமல்) பார்த்தால், ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலடிக்கும். அந்தச் சக்கரம்தான் டீசலைத் தின்கிறது. பி.எஸ். 6 என்ற புகை மாசு விதிப்படி வந்த வண்டிகளில், புகையின் நச்சைக் குறைக்க ஊற்றும் ஆட்புளூ திரவத்தின் கணக்கைத் தனியாக எழுதுங்கள். டீசலோடு சேர்த்தால் இரண்டின் போக்கும் தெரியாது.

மைலேஜ் கூடியதால் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை ஓட்டுநருக்குப் படியோடு சேர்த்துக் கொடுப்பதே, என் கருத்தில், எந்த சென்சாரையும்விட நன்றாக வேலை செய்யும். ஆனால் பங்கு எவ்வளவு என்பதை முன்கூட்டியே சொல்லி, மாதம் முடிந்ததும் கணக்கைக் காட்டிக் கொடுக்க வேண்டும்.

விலை ஏற்றத்தை மட்டும் மைலேஜால் முழுதாக ஈடுகட்ட முடியாது. அதற்கு வாடகை ஒப்பந்தத்தில்தான் இடம் தேட வேண்டும். வாடகையில் டீசல் பாதி என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டால், டீசல் 10 சதவீதம் ஏறும்போது வாடகை 5 சதவீதம் ஏறும் என்று எழுதிக்கொள்ளலாம். விலை இறங்கினால் வாடகையும் குறையும் என்று எழுத நாம் தயாராக இருந்தால், லோடு கொடுப்பவர் மறுப்பதற்குக் காரணம் குறையும். மாநிலத்துக்கு மாநிலம் வரி வேறுபடுவதால், எந்த ஊரில், எந்தத் தேதியில் இருந்த விலை அடிப்படை என்பதையும் அதே பத்தியில் குறிப்பிட்டுவிட வேண்டும்.