தொலைந்துபோன கடிதமும் சின்ன ஊரும்

புதிதாக எழுத வந்திருப்பவர்கள் படித்துப் பார்க்கச் சொல்லி அனுப்பிய ஆறு கதைகளை இந்த மாதம் படித்தேன். எல்லாம் ஒரே வகை: பிரிந்துபோன இருவர் பல வருஷம் கழித்துச் சொந்த ஊரில் மறுபடி சந்திக்கிறார்கள். ஆறில் நாலு பேர் நான் அந்தக் காலத்தில் விழுந்த அதே குழியில் விழுந்திருக்கிறார்கள். ஒற்றுப்பிழை பற்றியெல்லாம் சொல்லப்போவதில்லை. அதை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

போய்ச் சேராத கடிதம்

அவன் எழுதிய கடிதத்தை அவளுடைய அப்பா ஒளித்துவைத்துவிடுகிறார். இல்லையென்றால் போன் தொலைந்து நம்பர் போய்விடுகிறது. அவன் ஏமாற்றிவிட்டான் என்றே அவள் எட்டு வருஷம் நினைத்துக்கொண்டிருக்கிறாள். கடைசி அத்தியாயத்தில் பரணிலிருந்து கடிதம் விழுகிறது. கண்ணீர், சுபம்.

சென்னையில் நடக்கிற கதை என்றால்கூடப் பொறுத்துக்கொள்வேன். சங்கரன்கோவில் மாதிரி ஊரில் இது எப்படி நடக்கும்? என் முதல் தொடர்கதையில் நானும் இதைத்தான் செய்தேன். பதினெட்டு அத்தியாயம் எழுதி அந்த ஊர்ச் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். "ஏட்டி, அவன் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கு? அவன் அக்கா தெனமும் இவ வாசல் வழியாத்தான பூ மார்க்கெட்டுக்குப் போறா? ஒரு வார்த்தை கேட்டா என்ன?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. பதினொரு அத்தியாயத்தைக் கிழித்துப் போட்டேன். திருப்பி எழுதி முடிப்பதற்குள், கேட்டிருந்த பத்திரிகை வேறொருவரின் தொடரைப் போட ஆரம்பித்துவிட்டது.

சின்ன ஊரில் சேதி தொலையாது. அவளுக்கு மாப்பிள்ளை பார்ப்பது அவளுக்குத் தெரிவதற்கு முன்னால் தெருமுனை டெய்லருக்குத் தெரியும். அவன் சென்னையில் எந்த ஏரியாவில் இருக்கிறான், தீபாவளிக்கு ஏன் வரவில்லை என்பதெல்லாம் கேட்காமலே வந்து சேரும். ஆகவே இரண்டு பேரும் முழுசாகத் தெரிந்தே பிரிந்திருக்க வேண்டும். தறி ஓடாத ஒரு வருஷம், தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன், கடன் கொடுத்தவர் வீட்டிலேயே வந்த சம்பந்தம். அல்லது சாதி. அதை எழுதப் பயந்துதான் பாதிப் பேர் கடிதத்தைத் தொலைக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். அன்றைக்கு அவன் வாயைத் திறக்கவில்லை, அவள் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இதற்கு என்னவென்று மன்னிப்புக் கேட்பது? அதை எழுதத்தான் இருநூறு பக்கம். கடிதம் கிடைத்துவிட்டால் மன்னிக்க யார் இருக்கிறார்கள், தபால்காரரைத் தவிர?

தற்செயலாக மோதிக்கொள்வது

ஆடித்தபசு கூட்டத்தில் மோதி, பூக்கூடை சிதறி, நிமிர்ந்து பார்த்தால் அவன். கோமதியம்மன் தவமிருந்து சங்கரநாராயணரைக் காணும் நாள் என்பதால் ஆசை வருவது புரிகிறது. ஆனால் அவன் பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியதுமே ஆட்டோ ஸ்டாண்டிலிருந்து சேதி புறப்பட்டிருக்கும். எந்தச் சேலை கட்டுவது என்று பீரோ முன்னால் நிற்க அவளுக்கு நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணி நேரத்தை எழுதுங்கள்.

'எட்டு ஆண்டுகள் உருண்டோடின'

ஓடட்டும், ஆனால் எதையாவது மாற்றிவிட்டு ஓடட்டும். 2016ல் ஊரைவிட்டுப் போனவன் 2024ல் பட்டா விஷயமாக வருகிறான். கலெக்டர் ஆபீஸ் என்றதும் பழைய பழக்கத்தில் "திருநெல்வேலிக்குப் போகணும்" என்கிறான். "தென்காசிக்கு" என்று அவள் திருத்துகிறாள். 2019 நவம்பரில் மாவட்டம் பிரிந்துவிட்டது. அவர்கள் பேசிக்கொள்ளும் முதல் வார்த்தையே அதுவாக இருக்கலாம்.

விபத்தில் இறக்கும் முதல் மனைவி

வேண்டாம்.

ஒரே வாரத்தில் விவாகரத்து

இந்து திருமணச் சட்டப்படி இருவரும் சம்மதித்தாலும், மனுப் போடுவதற்கு முன் ஒரு வருஷம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். மனுவுக்குப் பிறகு ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். அந்த ஆறு மாதத்தை நீதிமன்றம் தளர்த்தலாம் என்று 2017ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் ஒரு வாரத்தில் முடியாது.

மழை

ஆடியில் அங்கே காற்றுதான் பேயாக அடிக்கும். நனைய வேண்டுமென்றால் ஐப்பசி வரை பொறுங்கள்.